காய்ந்த ரொட்டிதான் முதல் பொருள்: இத்தாலிய வீட்டுச் சமையலுக்கு ஓர் அறிமுகம்

இத்தாலியச் சமையல் என்றதும் பாஸ்தாவும் பீட்ஸாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நாட்டின் பல வட்டாரங்களில் வீட்டு அடுப்படியைத் தாங்கி நின்றது காய்ந்துபோன ரொட்டி. வடக்கே ஆல்ப்ஸ் மலைக் கிராமங்கள் முதல் தெற்கே சிசிலித் தீவு வரைக்கும், மூன்று நாள் ஆன ரொட்டி, ஐந்து நாள் ஆன ரொட்டி, சில இடங்களில் பல மாதம் ஆன ரொட்டி என்று அதற்கென்றே பிறந்த பதார்த்தங்கள் ஏராளம். இங்கே ரொட்டி என்று சொல்வது சப்பாத்தி வகையை அல்ல. மாவைப் புளிக்கவைத்து, விறகு அடுப்பில் சுட்டெடுக்கும் தடித்த மேலோடுள்ள முழு ரொட்டியை.

இத்தாலிய மொழியில் இதற்குப் 'பானே ரஃபெர்மோ' என்று பெயர். 'இறுகிய ரொட்டி' என்று பொருள் கொள்ளலாம். கெட்டுப்போனது என்ற சாயல் அந்தச் சொல்லில் கிடையாது. சமையல் குறிப்பில் 'பானே ரஃபெர்மோ 300 கிராம்' என்று இருந்தால், அது இருப்பதை ஒப்பேற்றச் சொல்லும் யோசனை அல்ல, அளவோடு கேட்கப்படும் பொருள். புதிதாகச் செய்து பார்ப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அன்று காலை வாங்கிய ரொட்டியைப் போடுவார்கள், பாத்திரத்தில் பசை காய்ச்சியதுபோல் ஆகிவிடும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? நடு இத்தாலியிலுள்ள டஸ்கனி மாநிலத்தின் பண்ணை வீடுகளில் ரொட்டி அடுப்பை வாரத்துக்கு ஒருமுறைதான் மூட்டுவார்கள். கல் அடுப்பு முழுதாகச் சூடேற மணிக்கணக்கில் விறகு எரிய வேண்டும். தினமும் அதற்குக் கட்டுப்படியாகாது. அங்கே பல நூற்றாண்டுகள் நடந்தது பங்குச் சாகுபடி: விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. புதிதாக அப்படி ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்தது 1964இல்தான். கையில் மிஞ்சிய பாதிக் கோதுமையில் வீடே சாப்பிட வேண்டும் என்றால் ஒரு துண்டு ரொட்டியும் வீணாகக் கூடாது. முதல் நாள் ரொட்டியை அப்படியே சாப்பிடுவார்கள். மூன்றாம் நாள் அது சூப்புக்கு அடியில் போகும். ஐந்தாம் நாள் தண்ணீரில் ஊறும். கடைசியில் மிஞ்சுவது உரலில் இடிபட்டுத் தூளாகும். ரொட்டியின் வயதுதான் அன்றைய சமையலைத் தீர்மானித்தது.

ரொட்டி ஏன் இறுகுகிறது?

காற்றுப் பட்டு ஈரம் போவதால் காய்கிறது என்று தோன்றும். அது பாதிக் காரணம்தான். ஈரம் துளியும் வெளியேறாமல் அடைத்து வைத்த ரொட்டியும் இறுகத்தான் செய்கிறது என்பதை 1852இல் பிரெஞ்சு வேதியியலர் பூசாங்கோ காட்டினார். மாவிலுள்ள ஸ்டார்ச் அடுப்புச் சூட்டில் தண்ணீரை உறிஞ்சி உப்பி இளகுகிறது. ஆறியபின் அதன் மூலக்கூறுகள் மறுபடி வரிசைகட்டி இறுகுகின்றன. நேற்று வடித்த சோறு இன்று பருக்கை பருக்கையாக விறைத்து நிற்பதும் இதே காரணத்தால்தான்.

இதிலிருந்து சமையலுக்கு உதவும் சில விஷயங்கள் கிடைக்கின்றன. இறுகுவது மிக வேகமாக நடப்பது பிரிட்ஜின் குளிரில். ஆகவே சாப்பிட வைத்திருக்கும் ரொட்டியை பிரிட்ஜில் வைக்கக் கூடாது. பருத்தித் துணியில் சுற்றி வெளியே வைப்பதே நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த ரொட்டி வேறு, காய்ந்த ரொட்டி வேறு. ஓர் இடத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தாலும் அந்த ரொட்டியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. புள்ளியை மட்டும் கிள்ளி எறிந்தால் போதாது, இழை உள்ளே ஓடியிருக்கும்.

முக்கியமான இன்னொன்று: இறுகிய ரொட்டியின் உட்சதை தண்ணீர் குடித்தாலும் கரைந்துவிடாது, கடற்பஞ்சுபோல் உருவத்தோடு நிற்கும். புது ரொட்டி குழைந்து போவதும் பழையது தாங்குவதும் இதனால்தான். பாக்கெட்டில் வரும் சாண்ட்விச் பிரெட், மில்க் பிரெட் ஆகியவற்றில் சர்க்கரையும் கொழுப்பும், இறுகாமல் தடுக்கும் சேர்மானங்களும் இருக்கும். பத்து நாள் வைத்தாலும் அவை இந்தப் பக்குவத்துக்கு வராது. மாவு, தண்ணீர், ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவ்வளவு மட்டுமே உள்ள ரொட்டி வேண்டும். கிடைக்காவிட்டால் வீட்டில் சுடலாம்: 500 கிராம் மைதா, 320 மில்லி தண்ணீர், 3 கிராம் உலர் ஈஸ்ட். டஸ்கனி முறையில் உப்பு கிடையாது. உப்பில்லாத மாவு சீக்கிரம் பொங்கிவிடும், கண் வைத்திருக்க வேண்டும். 220 டிகிரியில் 40 நிமிடம் சுட்டு, மூன்று நாள் துணியில் சுற்றி வைத்தால் தயார். அவசரம் என்றால் ரொட்டியை 2 செ.மீ. தடிமனில் அறுத்து 110 டிகிரி ஓவனில் அரைமணி நேரம் உலர்த்தலாம். நிறம் மாறக் கூடாது. சிவந்தால் அது டோஸ்ட், அதன் சுவையே வேறு.

டஸ்கனி: உப்பில்லாத ரொட்டி

டஸ்கனியில் ரொட்டிக்கு உப்பு போடுவதில்லை. பிளாரன்ஸ் நகரின் பகைநகரமான பீசா உப்பு வராமல் மறித்தது, உப்பின் மேல் கடும் வரி இருந்தது என்று இதற்குப் பல கதைகள் உண்டு. தட்டில் பார்த்தால் நியாயம் எளிதாகப் புரியும். அவ்வூர்ப் பன்றித்தொடை இறைச்சியும் பெக்கோரீனோ என்ற ஆட்டுப்பால் சீஸும் நல்ல உப்பு. பக்கத்தில் ரொட்டி சப்பென்று இருந்தால்தான் பொருந்தும். நமக்கு வேண்டியது வேறொரு குணம்: உப்பு ஈரத்தை இழுத்துவைக்கும். அது இல்லாத ரொட்டி சொதசொதக்காமல் நன்றாகக் காய்கிறது. டஸ்கனி ரொட்டிக்கு 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது.

கோடைக்கு உரியது பன்ஸனெல்லா. நால்வருக்கு 400 கிராம் காய்ந்த ரொட்டி, அதே எடைக்குப் பழுத்த தக்காளி, ஒரு சிவப்பு வெங்காயம், ஒரு வெள்ளரி, ஒரு கைப்பிடி பேசில் இலை. வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் போட்டுவைத்தால் காரம் அடங்கும். ரொட்டியைப் பச்சைத்தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, கூழாகிவிடும்.

அடுத்த படிதான் இந்தப் பதார்த்தத்தின் உயிர். ஊறிய துண்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, துணி பிழிவதுபோல் முறுக்காமல், உருண்டை பிடிப்பதுபோல் அழுத்திப் பிழிய வேண்டும். தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை பிழிந்து, விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். சரியாகக் காய்ந்த ரொட்டி என்றால் ஈரமான உதிரிப் புட்டுபோல் பொலபொலவென்று விழும். விரலில் ஒட்டி இழுத்தால் ரொட்டி போதிய அளவு காயவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அப்படி ஆனால் தட்டில் பரப்பிச் சிறிது நேரம் காற்றாட விட்டால் ஓரளவு தேறும். பிறகு காய்களைச் சேர்த்து உப்பும் ஐந்தாறு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும் ஊற்றிக் கலந்து, ஒரு மணி நேரம் குளிரவைக்கலாம். வினிகர் பரிமாறும்போதுதான். ரொட்டியைச் சதுரமாக வெட்டி வறுத்துப் போடும் உணவகப் பாணி ஒன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அது சாலட், சுவையாகத்தான் இருக்கும், ஆனால் டஸ்கனி வீடுகளின் பன்ஸனெல்லா அல்ல. தக்காளியும் பின்னாளில் வந்து சேர்ந்ததே. 16ஆம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகர ஓவியர் பிரோன்ஸீனோ எழுதிய கவிதையில் ரொட்டியோடு வருபவை வெங்காயமும் வெள்ளரியும் பருப்புக்கீரையும்.

பாப்பா அல் பொமொதோரோ என்பது தக்காளியில் குழைந்த ரொட்டி. மூன்று பல் பூண்டை நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் சிறு தீயில் வதக்கி (சிவந்தால் கசக்கும்), தோலுரித்த தக்காளி 700 கிராம் சேர்த்து 20 நிமிடம் வேகவைக்க வேண்டும். 300 கிராம் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, காய்கறி வெந்த தண்ணீர் 700 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மரக்கரண்டியால் ஓங்கி அடித்துக் கலக்கினால் தானாகக் குழையும். மிக்ஸியில் போட்டால் ஸ்டார்ச் உடைந்து கோந்துபோல் இழுக்கும். அதற்குப் பிறகு எதைச் சேர்த்தும் மீட்க முடியாது. வெதுவெதுப்பாக, மேலே காய்ச்சாத ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். சீஸ் தூவுவதில்லை.

குளிர்காலத்துக்கு ரிபொல்லீத்தா. 'மறுபடி கொதித்தது' என்பதே பெயரின் பொருள். அதனால் முதல் நாள் செய்வதற்கு இந்தப் பெயர் பொருந்தாது. அன்று அது வெறும் ரொட்டி சூப்பு. 300 கிராம் வெள்ளை பீன்ஸை இரவு முழுக்க ஊறவைத்து வேகவைத்து, பாதியை மசித்துக்கொள்ள வேண்டும். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் எண்ணெயில் நிதானமாக வதக்கி, இரண்டு உருளைக்கிழங்கு, பாதி முட்டைக்கோஸ், ஒரு கட்டு 'காவொலோ நேரோ' சேர்க்க வேண்டும். கரும்பச்சை நிறத்தில், நீள நீளமாக, மேலெல்லாம் சுருக்கமாக இருக்கும் கோஸ் இனக் கீரை அது. உறைபனி விழுந்தபின் பறித்தால்தான் இனிப்பேறும் என்று அங்கே பனிக்காகக் காத்திருப்பார்கள். மசித்த பீன்ஸும் வேகவைத்த தண்ணீரும் ஊற்றி ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதித்தபின், முழு பீன்ஸைச் சேர்த்து, 300 கிராம் ரொட்டித் துண்டுகளுக்கு இடையில் அடுக்கடுக்காக ஊற்றிவைப்பார்கள். மறுநாள் கெட்டியாகி நிற்கும் அந்தக் கலவையை எண்ணெய் விட்டுச் சட்டியில் மறுபடி கொதிக்கவிடுவார்கள். அப்போதுதான் அது ரிபொல்லீத்தா. கரண்டி நட்டால் நிற்க வேண்டும். தளர்வாக இருந்தால் தண்ணீர் அதிகம், இன்னும் கொஞ்சம் அடுப்பிலேயே விடலாம். அடிப்பிடிக்கும், பக்கத்தில் நிற்க வேண்டும்.

இதே மாநிலத்தின் தெற்கே, மரெம்மா சதுப்புநிலப் பகுதியில், மாடு மேய்ப்பவர்களும் கரி சுடுபவர்களும் செய்தது 'அக்வகோத்தா', அதாவது 'வெந்த தண்ணீர்'. வெங்காயமும் செலரியும் தக்காளியும் வெந்த நீரில் ஆளுக்கொரு முட்டையை உடைத்து ஊற்றி, சுட்ட ரொட்டித்துண்டின் மேல் விடுவார்கள். பெயரில் வேறெதுவும் சொல்லிக்கொள்ள இல்லை என்பதே அவர்கள் நிலைமையைச் சொல்லிவிடும்.

மலையும் சமவெளியும்

வடமேற்கு மூலையில் பிரான்சை ஒட்டிய ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் நிலைமை இன்னும் கடினம். ஊர்ப் பொது அடுப்பை ஆண்டுக்கு ஓரிரு முறைதான், பனிக்காலம் நெருங்கும்போது மூட்டுவார்கள். முறைவைத்து ஒவ்வொரு குடும்பமும் மாதக்கணக்கில் வரும்படி ரை என்னும் தானியத்தில் கரிய ரொட்டி சுட்டுக்கொள்ளும். அதை ஏணிபோன்ற மரச்சட்டங்களில் செருகிக் காற்றில் உலர்த்துவார்கள். காய்ந்தபின் சாதாரணக் கத்தி உள்ளே இறங்காது. அதற்காகவே ஒரு பலகை உண்டு: கத்தியின் ஒரு முனை பலகையில் கீல்போல் மாட்டியிருக்கும், மறுமுனையைப் பிடித்து அழுத்தித் தறிப்பார்கள். அங்குள்ள வல்பெல்லீன் ஊர் சூப்பில் காய்ந்த ரொட்டி, வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸ், ஃபொந்தீனா சீஸ் மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கி, இறைச்சிச் சாறு ஊற்றி, ஒரு சிட்டிகைப் பட்டைத்தூள் தூவி, 180 டிகிரியில் மேலே பொன்னிறமாகும்வரை ஓவனில் வைக்கிறார்கள். சாறு ரொட்டியை மூடும் அளவுக்கு வேண்டும். குறைந்தால் அடியடுக்கு வறண்டு தனியாக நிற்கும்.

ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய தென் திரோல் பகுதியில் ரொட்டி உருண்டையாகிறது. பெயர் கனேதெர்லி, அங்கே பலர் பேசும் ஜெர்மனில் க்னோடெல். போல்சானோ நகருக்கு அருகே அப்பியானோ கோட்டையின் சிற்றாலயத்தில், 1200ஐ ஒட்டிய காலத்துச் சுவரோவியம் ஒன்றில், இயேசு பிறந்த காட்சியின் ஓரத்தில் ஒரு பெண் சட்டியிலிருந்து உருண்டை எடுத்துத் தின்பது இன்றும் தெரிகிறது. செய்முறை: 250 கிராம் காய்ந்த வெள்ளை ரொட்டியைச் சிறு சதுரங்களாக வெட்டி, 150 மில்லி பால், இரண்டு முட்டை, வதக்கிய வெங்காயம், பொடியாக நறுக்கிய 100 கிராம் ஸ்பெக் (புகையூட்டிய பன்றித்தொடை இறைச்சி), பார்ஸ்லி சேர்த்துப் பிசறி அரைமணி நேரம் மூடிவைக்க வேண்டும். பிறகு இரண்டு மேசைக்கரண்டி மைதா சேர்த்து, ஈரக்கையால் எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிதாக உருட்ட வேண்டும். முதலில் ஒன்றை மட்டும் கொதிநீரில் போட்டுப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் கொஞ்சம் ரொட்டித்தூள் சேர்க்கலாம். மைதாவை அள்ளிப் போட்டால் உருண்டை கல்லாகிவிடும். தளதளவென்று கொதிக்காமல் மெல்ல அசையும் நீரில் 15 நிமிடம். சாப்பிடும்போது கத்தியால் வெட்டுவது அங்கே மரியாதையில்லை, முள்கரண்டியால் பிளப்பார்கள்.

ரொமாஞ்ஞா பகுதியின் பஸ்ஸத்தெல்லியில் ரொட்டி தூளாகிறது. ரொட்டித்தூள் 120 கிராம், துருவிய பார்மிஜானோ சீஸ் 120 கிராம், முட்டை மூன்று, ஜாதிக்காய் கொஞ்சம், எலுமிச்சைத் தோல் சீவல் கொஞ்சம். பிசைந்து ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து, கொதிக்கும் இறைச்சிச் சாற்றுக்கு மேலேயே பிழிவார்கள். இரண்டு கைப்பிடியும் கண் கண்ணாகத் துளையும் உள்ள இரும்புத் தகடு ஒன்று அதற்காகவே உண்டு. நம் வீட்டில் முறுக்கு உழக்கு அந்த வேலையைச் செய்யும். துளை 5 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், இடியாப்ப அச்சு ஆகாது. நான்கைந்து செ.மீ. நீளத்தில் கத்தியால் அறுத்துவிட, மேலே மிதந்ததும் எடுத்துவிடலாம். கரைந்துபோனால் பெரும்பாலும் தூள்தான் காரணம். எண்ணெயோ பாலோ சேர்த்த ரொட்டியின் தூள் முட்டையோடு பிடிக்காது.

தெற்கும் தீவுகளும்

தென்கிழக்கு மாநிலமான புலியாவில் ரொட்டியே மஞ்சளாக இருக்கும். துரும் என்ற கடினக் கோதுமையின் ரவையை மீண்டும் நைசாக அரைத்த மாவில் செய்வது. அல்தமூரா ஊர் ரொட்டிக்கு 2003இல் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. மேலோடு குறைந்தது 3 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் பிசைந்து ஊர் அடுப்புக்குக் கொடுத்தனுப்புவார்கள். யாருடையது எது என்று தெரிய, குடும்பத்தின் முதலெழுத்து செதுக்கிய அச்சை மாவில் பதிப்பார்கள். நாள் கணக்கில் தாங்கும் இந்த ரொட்டியை நீர் தெளித்து, தக்காளி, வெங்காயம், பிஞ்சில் பறித்த முலாம்பழ இனக்காய் சேர்த்தால் சால்லெட்டா. பன்ஸனெல்லாவின் உறவுதான், ஆனால் பிழிய வேண்டியதில்லை. துரும் ரொட்டி தண்ணீரை அளவாகத்தான் குடிக்கும்.

அங்குள்ள ஃப்ரிஸெல்லாவோ காயவைப்பதற்கென்றே செய்யப்படுவது. வளையமாகச் சுட்டு, சூட்டோடு நூலால் குறுக்கே அறுத்து, மறுபடி ஓவனில் வைத்து முற்றிலும் உலர்த்துவார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அதைக் கடல்நீரிலேயே நனைத்துத் தின்றார்கள் என்பார்கள். தண்ணீரில் முக்கி ஐந்து முதல் பத்து விநாடியில் எடுத்துவிட வேண்டும். நடுவில் இன்னும் கடினமாக இருக்கும்போதே எடுப்பதுதான் சரி. மேலே தேய்க்கும் தக்காளியின் சாறு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதன்மேல் உப்பு, ஓரெகனோ, எண்ணெய்.

சார்தீனியாத் தீவின் காராசாவ் ரொட்டி அப்பளம்போல் மெல்லியது. அடுப்பில் பூரிபோல் உப்பியதும் சூட்டோடு இரண்டு தாளாகப் பிரித்து மறுபடி சுடுவார்கள். அதைக் கொதிக்கும் ஆட்டுச்சாற்றில் இரண்டு மூன்று விநாடி முக்கி, தக்காளிக் குழம்பும் பெக்கோரீனோவும் அடுக்கி, நீரில் வேகவைத்த முட்டையை மேலே வைத்தால் பானே ஃப்ரத்தாவ்.

சிசிலியிலும் கலாப்ரியாவிலும் வாரக் கடைசியில் மிஞ்சும் துகள்கூடச் சமையலாகும். சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் பாஸ்தாவின் மேல் தூவியது வறுத்த ரொட்டித்தூளை. அதன் பெயர் முட்டிகா. மார்ச் 19, தச்சரான புனித யோசேப்பின் நாளன்று இந்தத் தூள் போட்ட பாஸ்தா செய்வார்கள், மரத்தூளின் நினைவாக என்பார்கள். 400 கிராம் பாஸ்தாவுக்கு 100 கிராம் தூள் போதும். பாக்கெட்டில் வரும் நைசான தூள் எண்ணெயைக் குடித்து மணல்போல் ஆகும். மேலோட்டை நீக்கி, உட்சதையைக் கையால் கரகரப்பாக உதிர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் நான்கு நெத்திலித் துண்டுகளைக் கரையவிட்டு (உப்பில் பதப்படுத்திய நெத்திலி, ஆகவே வேறு உப்பு வேண்டாம்), தூளைப் போட்டு, சிறு தீயில் ஆறேழு நிமிடம் கை எடுக்காமல் கிளற வேண்டும். வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்பே தட்டில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அதன் சூட்டில் கருகும். பாஸ்தாவில் கலந்து வைக்கவும் கூடாது, நமத்துவிடும். எல்லோரும் மேசைக்கு வந்து உட்கார்ந்தபின், அவரவர் தட்டில் தூவ வேண்டும்.